கச்சா எண்ணெய் பாதி விலை, பெட்ரோல் இரட்டை விலை: இந்தக் கணக்கு சரியா?

13 ஜூன் 2025, மாலை 6.10 (கேள்வி)

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தி போட்டிருக்கிறார். "2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 140 டாலர், பெட்ரோல் 55 ரூபாய். இன்று கச்சா எண்ணெய் 70 டாலர், பெட்ரோல் 100 ரூபாய். பாதி விலைக்கு வாங்கி இரட்டை விலைக்கு விற்கிறார்கள். இஸ்ரேல் ஈரானைத் தாக்கிவிட்டதால் நாளை காலை லிட்டருக்கு இன்னும் 20 ரூபாய் ஏறுகிறது. இன்றே டேங்கை நிரப்புங்கள்." இதில் எவ்வளவு உண்மை? வண்டித் தொழிலில் இருக்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

13 ஜூன், இரவு 9.40 (பதில்)

பொய். போய்த் தூங்குங்கள் தம்பி.

13 ஜூன், இரவு 10.25

ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன் என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். சரி, கணக்கையே போடுகிறேன்.

கச்சா எண்ணெயை நாடு டாலரில் வாங்குகிறது. நாம் பங்க்கில் ரூபாய் கொடுக்கிறோம். 2008 ஜூலையில் டாலர் ஏறத்தாழ 43 ரூபாய். 140 × 43 = 6,020. இன்று டாலர் 86 ரூபாயை ஒட்டி நிற்கிறது. 70 × 86 = 6,020. அச்சுப்பிழை இல்லை, இரண்டு முறை தட்டிப் பார்த்தேன், அதே எண்தான். ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர். வகுத்தால் அன்றும் இன்றும் லிட்டருக்கு 37 ரூபாய் 86 காசு. ஆக, "பாதி விலைக்கு வாங்கி" என்பது டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டும் உண்மை.

இன்னொன்று, 70 டாலர் என்பதே இன்றைய விலை இல்லை. இன்று குண்டு விழுந்ததும் பிரென்ட், அதாவது உலகச் சந்தை அளவுகோலாக வைத்திருக்கும் கச்சா எண்ணெய், எகிறிவிட்டது. பெரியப்பாவுக்கு வந்தது பழைய செய்தி. அதன் வாலில் யாரோ இன்றைய போரை ஒட்டவைத்திருக்கிறார்கள். இப்படி ஒட்டுப்போட்ட செய்தியில் தையல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவது என் வழக்கம்.

நாளை 20 ரூபாய் ஏறுமா? ஏறாது. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலை மாறும் என்பது ஏட்டில் இருக்கும் விதி. 2022 மே மாதத்துக்குப் பிறகு பங்க் பலகையில் நடந்த பெரிய மாற்றம், தேர்தலுக்கு முன்னால் 2024 மார்ச்சில் குறைத்த 2 ரூபாய் மட்டுமே.

14 ஜூன், காலை 6.50

நேற்று "பொய்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. வாங்கும் விலை இரண்டு காலத்திலும் ஒன்று என்று நானே நிரூபித்துவிட்டேன். அப்படியானால் விற்கும் விலை மட்டும் ஏன் 55இலிருந்து 100 ஆனது? அந்தக் கேள்வியை நான் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டேன்.

முதல் காரணம், 2008இன் 55 ரூபாய் அசல் விலை அல்ல. அந்த ஜூன் மாதம் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 3 ரூபாய் ஏற்றினார்கள். ஊரெல்லாம் மறியல். அப்படி ஏற்றிய பிறகும் எண்ணெய் நிறுவனங்கள் அடக்க விலைக்குக் கீழேதான் விற்றன. பள்ளத்தை நிரப்ப அரசு ரொக்கம் தராமல் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பின்னால் தருகிறேன் என்று மளிகைக் கடை நோட்டில் எழுதி வைப்பது போன்றதுதான். பெட்ரோலுக்கு அரசு விலைக்கட்டுப்பாடு 2010 ஜூனில் போனது, டீசலுக்கு 2014 அக்டோபரில்.

இரண்டாவது, வரி. 2014இல் டீசலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதம் அது 31 ரூபாய் 83 காசு. பிறகு இரண்டு முறை குறைத்து, இந்த ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டி, இப்போது 17 ரூபாய் 80 காசு. பெட்ரோலுக்கு அதே வரிசையில் 9.48, 32.98, இன்று 21.90. தமிழக அரசும் சும்மா இல்லை. டீசலுக்கு 11 சதவீதமும் மேலே 9 ரூபாய் 62 காசும், பெட்ரோலுக்கு 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும் வாங்குகிறது. இன்றைய விலையில் டீசலுக்கு அது ஏறத்தாழ 18 ரூபாய்.

பெரியப்பாவின் கோபத்தில் தவறில்லை. அவர் காட்டிய காரணம்தான் தவறு.

14 ஜூன், மதியம்

"நீங்கள் யார், பொருளாதாரம் படித்தவரா" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை ஐயா. நாமக்கல்லில் நான்கு லாரி வைத்திருக்கிறேன், நான்கிலும் தவணை இருக்கிறது. ஓட்டச் செலவில் பாதி டீசல். இந்தக் கணக்கு எனக்குப் படித்து வந்ததல்ல, பட்டு வந்தது.

2014 ஜூனில் பிரென்ட் 115 டாலர். 2015 ஜனவரியில் 50க்கும் கீழே. அப்போது எனக்கு வாரம் மூன்று லோடு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் மேலாளர் அழைத்தார். மேசையில் அன்றைய ஆங்கில நாளேடு மடித்து வைத்திருந்தது. "கச்சா எண்ணெய் பாதியாகிவிட்டது. வாடகையில் கால் பங்காவது குறையுங்கள்" என்றார். பங்க்கில் அவ்வளவு குறையவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் குறையவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. "இல்லைங்க, எங்களுக்கு அப்படித் தெரியவில்லைங்க" என்று இழுத்தேன். அவர் நாளேட்டை என் பக்கம் தள்ளினார். அதில் எண் அச்சாகியிருக்கிறது, என்னிடம் வாய்தான் இருக்கிறது. லோடு வேறொருவருக்குப் போய்விட்டது.

ஏன் என்று பிறகுதான் படித்தேன். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியிருந்தார்கள். உலகச் சந்தையில் விலை ஒரு படி இறங்கும்போதெல்லாம் வரி ஒரு படி ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டீசலுக்கு மொத்தம் 13 ரூபாய் 47 காசு. அந்த மேலாளர் சொன்ன எண் பொய்யில்லை. அதற்கும் என் டேங்குக்கும் நடுவில் இத்தனை பேர் கை நீட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் பங்க் பில், வலது பக்கம் அன்றைய டாலர், கச்சா எண்ணெய். மருமகன் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையால் எழுதும்போதுதான் எண் மண்டையில் ஏறுகிறது.

15 ஜூன்

திருத்தம், என் கணக்குக்கே. சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நாசூக்காகக் குட்டியிருக்கிறார். ஒரு லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து ஒரு லிட்டர் டீசல் வராது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், நாப்தா, தார் என்று பிரிந்து வரும், ஒவ்வொன்றுக்கும் சந்தையில் தனி விலை. டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தால் கச்சா எண்ணெய் அசையாமல் டீசல் மட்டும் ஏறும். ஆலை வாசலில் விலை வைப்பதும் உலகச் சந்தையில் டீசல் என்ன விலை போகிறது என்பதைப் பார்த்துத்தான்.

அதோடு நான் பிரென்ட் விலையைப் போட்டதும் முழுக்கச் சரியில்லை. நம் ஆலைகள் வாங்குவதைக் காட்ட "இந்தியக் கூடை" என்று ஓர் எண் இருக்கிறது. ஓமன், துபாய் எண்ணெய்க்குப் பெரும்பங்கு, பிரென்ட்டுக்குச் சிறுபங்கு. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ஆய்வுப் பிரிவு அதைத் தினமும் வெளியிடுகிறது. பிரென்ட்டும் அதுவும் பெரும்பாலும் கைகோத்துத்தான் நடக்கும், இருந்தாலும் ஒன்றல்ல. ஆக என் 37 ரூபாய் 86 காசு துல்லியமான எண் அல்ல. காசு வரை எழுதியது என் தவறு. "38 ரூபாய் வாக்கில்" என்று எழுதியிருக்க வேண்டும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போட்டால் நம்புவார்கள் என்ற சபலம் எனக்கும் இருக்கிறது பாருங்கள்.

16 ஜூன்

எதிர்பார்த்ததுதான். வரியைப் பற்றி எழுதியதும் ஒரு கட்சிக்காரர் வந்து "பழைய அரசு வைத்துவிட்டுப் போன எண்ணெய்ப் பத்திரக் கடனை அடைக்கத்தான் வரி" என்கிறார். இதுவும் 2021இல் பெரிய இடங்களிலிருந்தே சொல்லப்பட்டதுதான். இதையும் நிறுத்துப் பார்ப்போம்.

பத்திரங்கள் உண்மை. பாக்கி அசல் 1.3 லட்சம் கோடி ரூபாய் வாக்கில் இருந்தது. வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கோடி. 2021-22இல் அசலில் 10,000 கோடியும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக்கு மொத்தம் 20,000 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் பெட்ரோல், டீசல் மேல் வந்த மத்திய வரி 3 லட்சம் கோடிக்கு மேல். கடன் உண்மை, வரி உண்மை, "கடனுக்காகத்தான் வரி" என்பதில் வரும் "தான்" மட்டும் பொய். நூறு ரூபாய் வாங்கி ஆறேழு ரூபாயைக் கடனுக்குக் கட்டிவிட்டு மீதி எங்கே என்று கேட்டால் கடன் சீட்டைக் காட்டுவது எங்கள் ஊர்ச் சீட்டுக்காரர் ஒருவரின் பழக்கம். அவரும் ஓடிப்போய்விட்டார்.

இன்னொரு கட்சிக்காரர் இதைப் படித்துவிட்டுக் கைதட்டுகிறார். கைதட்ட வேண்டாம் ஐயா. பத்திரம் எழுதி விலையை மறைத்ததும் நம் பணத்தில்தான். 2020 மே மாதம் மத்திய அரசு டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 காசும் டீசலுக்கு 2 ரூபாய் 50 காசும் ஏற்றியதும் நோட்டில் இருக்கிறது.

16 ஜூன், இரவு

ரஷ்யாவிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கினோமே, அது பங்க்குக்கு வந்ததா என்று கேட்டவருக்கு: ஆமாம், உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ரஷ்ய எண்ணெய் பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆமாம், தள்ளுபடியில் கிடைத்தது. பங்க்குக்கு அது வரவில்லை. 2022இல் விலையை ஏற்றவிடாமல் வைத்ததால் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள் அந்த ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 21,000 கோடிக்கு மேல் நஷ்டப்பட்டன. 2023-24இல் அதே மூன்றும் 81,000 கோடி லாபம் காட்டின. நஷ்டத்தை மட்டும் சொல்கிறவர், லாபத்தை மட்டும் சொல்கிறவர் இருவரையும் சந்தித்துவிட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் இதுவரை ஒருவர்தான், அவர் எங்கள் பங்க் கணக்குப்பிள்ளை.

17 ஜூன்

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இது சொல்லாமல் இருக்க முடியாத கதை.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பந்தயம் கட்டினார்கள். ஒரு பக்கம் மேத்யூ சிம்மன்ஸ், ஹூஸ்டனில் எண்ணெய்த் துறைக்கு முதலீடு திரட்டிய வங்கியாளர். சவூதி எண்ணெய் வற்றப்போகிறது, விலை விண்ணுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். எதிர்ப்பக்கம் ஜான் டியர்னி, நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர். அவரோடு ரீட்டா சைமன், பொருளியலாளர் ஜூலியன் சைமனின் மனைவி. ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து ஒரு பக்கத்துக்கு 5,000 டாலர், மொத்தம் 10,000. அன்று கச்சா எண்ணெய் 65 டாலர் சுற்றி. 2010இல் அது 200 டாலரைத் தாண்டும் என்பது சிம்மன்ஸ் கட்சி.

நான் ரசித்தது பந்தயம் கட்டியதை அல்ல, அதை எழுதிய விதத்தை. "2010இல்" என்றால் எந்த நாள்? ஏதோ ஒரு நாள் மட்டும் எகிறி இறங்கினால் யார் ஜெயித்தது? அதனால் ஆண்டு முழுவதற்குமான சராசரி என்று எழுதினார்கள். டாலரே தேய்ந்துபோனால்? அதனால் 2005ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் என்று எழுதினார்கள். தப்பிக்கச் சந்தே விடவில்லை. நம் ஊரில் நிலக் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதுகிறோமே, அந்த மாதிரி.

நடுவில் 2008 ஜூலை 11இல் 147 டாலரைத் தொட்டபோது சிம்மன்ஸ் பக்கம்தான் ஜெயிக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அந்த டிசம்பரிலேயே 40க்கும் கீழே வந்துவிட்டது. 2010இன் சராசரி 80 டாலரை எட்டவில்லை. பழைய டாலரில் 71. சிம்மன்ஸ் அதைப் பார்க்கவில்லை, 2010 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள்.

அவர் தோற்றவர்தான். ஆனாலும் தொலைக்காட்சியில் வந்து "விலை கடுமையாக உயர வாய்ப்பிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை விட எனக்கு அவர் மேல்தான் மரியாதை. தோற்கும்படி ஒரு வாக்கியம் சொன்னார் அல்லவா.

18 ஜூன்

மேலே எழுதியதைத் தொட்டு: "வாய்ப்பிருக்கிறது" என்ற சொல்லை நோட்டில் சிவப்பு மையால் வட்டமிடத் தொடங்கியிருக்கிறேன். 2008 மே மாதம் கோல்ட்மேன் சாக்ஸ் 150 முதல் 200 டாலர் வரை போகலாம் என்றது. 147 வந்ததும் "சொன்னார்கள் பார்" என்றார்கள். 40 வந்ததும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2022 ஜூலையில் ஜே.பி. மார்கன் 380 டாலர் என்று எழுதியதாகத் தலைப்புச் செய்தி. தலைப்பில் வராத பாதி இது: ரஷ்யா தன் உற்பத்தியை நாளுக்கு 50 லட்சம் பீப்பாய் வெட்டினால். வெட்டவில்லை. வங்கி சொன்னது "இப்படி ஆனால்", செய்தித்தாள் போட்டது "ஆகும்". இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பேர் டேங்கை நிரப்பினார்களோ.

யார் சொல்வது, சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பார்க்கலாம்தான், ஆனால் அதையே பெரிதாக வைக்க வேண்டாம். டீசல் ஏறுகிறது என்று சொன்னால் எனக்கு வாடகை ஏற்ற வசதி. அதனால் நான் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா? என் பில்லைப் பாருங்கள், மூஞ்சியைப் பார்க்காதீர்கள்.

19 ஜூன்

கேட்டதற்காக ஒரு பழைய கதை. 2020 ஏப்ரல் 21 காலை. ஊரடங்கில் என் வண்டி ஒன்று நாக்பூருக்கு வெளியே சாலையோரத்தில் நிற்கிறது. ஓட்டுநர் போன் செய்கிறார். சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, அமெரிக்காவில் எண்ணெயை எடுத்துப் போனால் மேலே காசும் தருகிறார்களாமே, உண்மையா?"

"யார் சொன்னது?"

"டாபாக்காரர் போனில் காட்டினார். மைனஸ் முப்பத்தேழு டாலராம்."

"உண்மைதான்."

"அப்படியென்றால் நம் பங்க்கில் எப்போது தருவார்கள்?"

சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. நம்ப முடியாத அந்தச் செய்தி முழு உண்மை. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க டபிள்யூ.டி.ஐ. வகை, மே மாத ஒப்பந்தம், மைனஸ் 37 டாலர் 63 சென்ட்டில் முடிந்தது. ஆனால் அது எண்ணெயின் விலை என்பதை விட இடத்தின் விலை. ஒப்பந்தம் மறுநாள் முடிகிறது. கையில் வைத்திருப்பவர் ஒக்லஹோமாவில் உள்ள குஷிங் என்ற ஊரில் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே தொட்டிகளில் இடம் கிடைக்கவில்லை. காய்கறிச் சந்தையில் மாலை ஆறு மணிக்குத் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போவதற்கு ஆள் கூலி கொடுப்பார்களே, அது. அதே நாளில் பிரென்ட் 25 டாலர். நாம் வாங்குவது பிரென்ட்டை ஒட்டி விலை போகும் எண்ணெய். சென்னையில் அன்று பெட்ரோல் 72 ரூபாய் 28 காசு, ஒரு காசு அசையவில்லை. இரண்டு வாரம் கழித்து அசைந்தது, மேல் நோக்கி. வரி.

அந்த ஓட்டுநர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார். எந்த எண்ணெய், எந்த ஊர், எந்த மாதம் என்று இப்போது அவரே திருப்பிக் கேட்கிறார்.

22 ஜூன், ஞாயிறு

காலையிலிருந்து போன் ஓயவில்லை. அமெரிக்கா ஈரானில் குண்டு போட்டுவிட்டது. ஹோர்முஸ் நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று செய்தி. "திங்கட்கிழமை இரட்டை விலை" என்று பெரியப்பாவின் குழுவில் வந்துவிட்டதாம். கேட்ட தம்பி இம்முறை கொஞ்சம் பயந்திருக்கிறார். நானும்தான்.

தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த நீரிணை குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலம். நாளுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய், உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் வழியே போகிறது. மூடினால் அடி உண்மையானது, வாட்ஸ்அப் கதையல்ல. ஆனால் நாடாளுமன்றத்தின் வாக்கு முடிவல்ல. முடிவெடுப்பது அவர்களுடைய உச்ச தேசியப் பாதுகாப்பு மன்றம். ஈரானும் தன் எண்ணெயை அதே வாசல் வழியாகத்தான் விற்கிறது. எண்பதுகளில் ஈரான்-இராக் போரில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் தாக்கப்பட்டபோதும் அந்த வழி மூடவில்லை. இதையெல்லாம் வைத்து மூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மூடியாகிவிட்டது என்று எழுதியிருக்கும் செய்தி தவறு, அவ்வளவுதான்.

22 ஜூன், மாலை

என் ஓட்டுநர்கள் இருவர் டிரம்மில் டீசல் பிடித்து வைக்கலாமா என்று கேட்டார்கள். வீட்டில் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் காரணம் இது.

2022 மார்ச். உக்ரைன் போர், பிரென்ட் 139 வரை தொட்டுவிட்டது. ஐந்து மாநிலத் தேர்தலுக்காக நவம்பரிலிருந்து விலை அசையாமல் நிற்கிறது, சென்னையில் டீசல் 91 ரூபாய் 43 காசு. மார்ச் 10 வாக்கு எண்ணிக்கை, 11ஆம் தேதி காலை 25 ரூபாய் ஏறும் என்று சங்கத்துக் குழு முழுக்க ஒரே பேச்சு. நோட்டு, கணக்கு எல்லாவற்றையும் மறந்தேன். 200 லிட்டர் டிரம் ஆறு வாங்கி, பங்க்குக்கும் வீட்டுக்கும் நான்கு நடை நடந்து, மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். பசு இரண்டு நாள் தீவனம் தின்னவில்லை.

11ஆம் தேதி ஏறவில்லை. 12, 15, 20, ஏறவில்லை. 22ஆம் தேதி 76 காசு ஏறியது. பிறகு நாளுக்கு 80 காசு வாக்கில் ஏறி ஏப்ரல் 6இல் 100 ரூபாய் 94 காசில் நின்றது. ஆக ஏறும் என்றது பலித்தது, நாளும் அளவும் பொய்த்தன. எனக்கு லாபம் வந்திருக்க வேண்டுமே என்கிறீர்களா? கைப்பம்பு வாஷர் போய் ஒரு டிரம்மில் பாதி மண்ணுக்குப் போனது. இன்னொன்றில் எப்படியோ தண்ணீர் இறங்கி, அதை ஊற்றிய வண்டியின் பம்ப்பை ஓசூரில் கழற்ற வேண்டியதாயிற்று. மெக்கானிக் பில்லையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன், அதே பக்கத்தில்.

டிரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

24 ஜூன், காலை

நேற்று காலை சந்தை திறந்ததும் பிரென்ட் 81 டாலரைத் தாண்டியது. இரவில் ஈரான் கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின் மேல் ஏவுகணை விட்டது. வழக்கமாக அப்படி ஒரு செய்திக்கு விலை ஏற வேண்டும். இறங்கியது. எண்ணெய்க் கிணற்றையோ கப்பலையோ தொடவில்லை, பதிலடி அங்கேயே முடிகிறது என்று சந்தை படித்துக்கொண்டது. முடிவில் 71 சொச்சம். இப்போது போர்நிறுத்தம் என்கிறார்கள்.

நேற்று காலை 81ஐப் பார்த்துவிட்டு "பார்த்தீர்களா" என்று எனக்கு அனுப்பிய மூன்று பேரும் இன்று ஒன்றும் அனுப்பவில்லை.

25 ஜூன்

பிரென்ட் 67 வாக்கில் வந்துவிட்டது, போர் தொடங்குமுன் இருந்த இடத்துக்கும் கொஞ்சம் கீழே. "அண்ணன் 13ஆம் தேதியே ஏறாது என்று சொன்னார்" என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். மூன்று ஆண்டாகப் பெரிதாக அசையாத பலகையைப் பார்த்து "நாளை அசையாது" என்று சொல்ல என்ன ஞானம் வேண்டும்? நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். ஏறும் நாள் ஒன்று வரும், அன்றைக்கும் நான் ஏறாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. வேறொரு இழையில் 2008இல் டீசல் 30 ரூபாய்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நோட்டு 2015இல்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தையதெல்லாம் என் ஞாபகம். அப்பாவின் இரும்புப் பெட்டியில் 2008 ஜூலை பில் ஒன்று கிடைத்தது. 35ஐத் தாண்டியிருக்கிறது. எழுத்து மங்கி, ஓரம் எலி கடித்து, ஆனால் எண் தெளிவாக இருக்கிறது. பழைய காலம் எனக்குள்ளே தானாக விலை குறைந்துகொண்டே போயிருக்கிறது.

27 ஜூன்

இன்று ஒரு போன். புதிதாக லோடு பேசிக்கொண்டிருக்கும் கம்பெனி, மேலாளருக்கு என் பையன் வயதுதான் இருக்கும். "சார், ஒரே நாளில் எண்ணெய் பத்து டாலர் இறங்கிவிட்டது, வாடகையைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றார். பத்தாண்டு காத்திருந்த கேள்வி. நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மே மாத பில், ஜூன் மாத பில், இரண்டிலும் டீசல் ஒரே விலை. படம் எடுத்து அனுப்பினேன். ஏறினாலும் இறங்கினாலும் பங்க் பில்லை வைத்து வாடகை மாறும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டார். "நன்றாகச் சொன்னீர்கள் சார், தலைமை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்றார்.

30 ஜூன்

இன்னும் கூப்பிடவில்லை. இரண்டு வண்டி வாசலில் நிற்கின்றன.